மூன்று சாவும் கொஞ்சம் கண்ணீரும்

நண்பர் ஒருவர் போன் செய்தார். சாஃப்ட்வேர்க்காரர், முப்பது வயதுக்குள். ‘டியூன்’ சினிமாவை இரண்டு பாகமும் பார்த்துவிட்டு, அந்த வேகத்தில் புத்தகத்தை வாங்கியிருக்கிறார்.

“சார், எண்பது பக்கம் தாண்ட முடியல. புதுசு புதுசா பேரு வருது. கடைசியில ஒரு அகராதி வேற வெச்சிருக்கான். இது கதை படிக்கிறதா, பரீட்சைக்குப் படிக்கிறதா?”

“சரி, அப்புறம்?”

“பொறுமை போயி கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பெத்த பிள்ளை செத்த சேதி வருது. ஹீரோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல சார். கல்லு மாதிரி நிக்கறான். உலகத்தைக் கட்டத் தெரிஞ்ச ஆளுக்கு மனுஷனைக் கட்டத் தெரியல.”

ஆக, இரண்டு புகார். உலகம் ஜாஸ்தி, மனசு கம்மி. பெரிய சைஸ் விஞ்ஞான நாவல்கள் பலவற்றின் மேல் தைரியமாக இந்தப் புகாரைக் கொடுக்கலாம். அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ படித்தவர்களுக்கு ஒரு சாம்ராஜ்யம் சரிந்தது ஞாபகம் இருக்கும். அதில் பேசிக்கொண்டே இருந்தவர்களில் எத்தனை பேரின் முகம் ஞாபகம் இருக்கிறது?

‘டியூன்’ விஷயத்தில் நண்பர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று பார்த்துவிடலாம்.

முதலில் அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஃபிராங்க் ஹெர்பர்ட் தொழிலால் பத்திரிகைக்காரர். 1957-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில் ஃப்ளாரன்ஸ் என்ற ஊருக்கு ஒரு கட்டுரைக்காகப் போனார். அங்கே மணல்மேடுகள் காற்றில் மெல்ல நகர்ந்து வந்து சாலை, வீடு என்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தன. அரசாங்க விவசாயத் துறை ஒருவகைப் புல்லை நட்டு, அதன் வேர் பிடிப்பில் மணலை நிற்க வைத்துக்கொண்டிருந்தது. கட்டுரை கடைசிவரை அச்சாகவில்லை. மணல் மட்டும் மனுஷர் மண்டையை விட்டுப் போகவில்லை. பாலைவனங்கள், அங்கே பிழைக்கிற ஜனங்கள், அங்கே பிறந்த மதங்கள் என்று வருஷக்கணக்கில் படித்துத் தள்ளினார்.

1963 டிசம்பரில் ‘அனலாக்’ பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்தது. புத்தகமாகப் போட இருபதுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன. கடைசியில் 1965-ல் போட்டது சில்ட்டன் என்ற கம்பெனி. கார் ரிப்பேர் கையேடு போட்டுப் பேர் வாங்கிய கம்பெனி அது! மறுவருஷமே ஹியூகோ பரிசு. நெபுலா பரிசு ஆரம்பித்ததும் முதல் நாவல் பரிசு இதற்குத்தான்.

கதை தெரியாதவர்களுக்கு நாலே வரி. அராக்கிஸ் என்று ஒரு பாலைவன கிரகம். பிரபஞ்சத்தில் அங்கே மட்டும்தான் ஒரு மசாலாப் பொருள் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் நட்சத்திரங்களுக்கிடையே கப்பல் ஓடாது. பேரரசர் அந்தக் கிரகத்தை அட்ரெய்டீஸ் வம்சத்து டியூக் லீட்டோவிடம் கொடுக்கிறார். அது பொறி. பழைய எதிரிகளான ஹார்கோனன்கள் வந்து டியூக்கைக் கொல்கிறார்கள். அவருடைய பதினைந்து வயசு மகன் பால், தாய் ஜெஸிகாவோடு பாலைவனத்துக்குள் தப்பிக்கிறான். அங்கே ஃப்ரெமென் என்ற மணல்வாசிகளிடம் சேர்ந்து, அவர்கள் காத்துக்கொண்டிருந்த ரட்சகனாகவே ஆகிவிடுகிறான்.

இதில் மசாலாவை விட முக்கியமான சமாசாரம் தண்ணீர். நாவலை எழுதிய கை ஒரு கணக்குப்பிள்ளையின் கை. அரண்மனை வாசலில் இருபது பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. ஒரு மரத்துக்கு நாளைக்கு 40 லிட்டர் தண்ணீர், ஒரு மனுஷனுக்கு 8 லிட்டர். ஆகவே ஒரு மரம் ஐந்து ஆள், இருபது மரம் நூறு ஆள் என்று குடும்ப டாக்டர் யூவே கணக்குப் போட்டுச் சொல்கிறார். வீதியில் போகிற ஜனங்கள் ஏன் அந்த மரங்களை அப்படிப் பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்பது ஜெஸிகாவுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது. ‘ஏழைகள் கஷ்டப்பட்டார்கள்’ என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பெருக்கல் கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு இடம். ஸ்டில்கர் என்ற ஃப்ரெமென் தலைவன் டியூக்கைப் பார்க்க வருகிறான். வந்தவன் டியூக்கின் மேஜை மேல் துப்புகிறான். காவலர்கள் கொதித்து எழ, அவர்களை நன்றாக அறிந்த டங்கன் ஐடஹோ மட்டும், உடம்பின் ஈரத்தைக் காணிக்கையாகத் தந்ததற்கு நன்றி என்கிறான். எச்சில் துப்புவது அங்கே மரியாதை. விருந்து நடக்கும்போது பணக்காரர்கள் கை கழுவிய தண்ணீரைத் தரையில் சிந்தி, துண்டைப் போட்டுத் துடைப்பது பழைய ஆட்சியின் வழக்கம். அந்தத் துண்டைப் பிழிந்த தண்ணீருக்கு வாசலில் பிச்சைக்காரர்கள் காத்திருப்பார்கள். ஃப்ரெமென் உடுத்துகிற ‘ஸ்டில்சூட்’ வியர்வை, மூச்சு, சிறுநீர் எல்லாவற்றையும் வடிகட்டித் திரும்பக் குடிக்கத் தருகிறது. செத்தவனின் உடம்பிலிருக்கும் தண்ணீரும் கூட்டத்துக்குச் சொந்தம். சதை அவனுடையது, நீர் குலத்தினுடையது.

நண்பர் அலுத்துக்கொண்டது இந்த மாதிரி விவரங்களைத்தான். இவற்றை ஏன் இத்தனை பக்கம் எழுத வேண்டும்?

நமக்கு இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு விமர்சகர் யாரும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த முதல், கரு, உரி போதும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே வாழ்கிற மனுஷ உணர்ச்சி உரிப்பொருள். மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கும். ஹெர்பர்ட் தொல்காப்பியத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், இந்த வரிசையிலேதான் எழுதியிருக்கிறார். முதலில் மணல். மணலிலிருந்து ராட்சசப் புழுவும் மசாலாவும் தண்ணீர்ச் சட்டமும். அதிலிருந்து ஃப்ரெமென் மனசு. பாலை என்பது தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் வறண்டு போனதுதான் என்பார்கள் இல்லையா? 1976-ல் வந்த மூன்றாம் பாகத்தில், அராக்கிஸும் ஒரு காலத்தில் ஈரமாக இருந்து பிற்பாடு வறண்டுபோன கிரகம்தான் என்று தெரியவருகிறது!

நம்மவர்கள் முதலும் கருவும் சொன்னது உரிக்காகத்தான். ‘டியூனி’ல் அந்த உரி எங்கே இருக்கிறது? நான் மூன்று சாவுகளில் பார்க்கிறேன்.

முதல் சாவு அப்பாவுடையது. பாலும் ஜெஸிகாவும் மணலுக்கடியில் ஒரு சின்னக் கூடாரத்தில் பதுங்கியிருக்கிறார்கள். அவள் அழுகிறாள். அவனுக்கு அழுகை வரவில்லை. எதிரி என்ன செய்வான், எத்தனை பேர் மிச்சம், எந்தப் பக்கம் போகலாம் என்று மூளை தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. மனித கம்ப்யூட்டர் போல யோசிக்கவும், தசை அசைவில் எதிராளியின் எண்ணத்தைப் படிக்கவும் சின்ன வயசிலிருந்தே பழக்கிய பையன். ‘எனக்கு ஏன் துக்கம் வரவில்லை?’ என்று அவனே பயந்துபோகிறான். வரப்போகிற காலம் முழுக்க மனசில் விரிந்து, தன் பேரால் நடக்கப்போகிற மதப்போர் வரை தெரிந்துவிட்ட பிறகுதான் கண்ணீர் வருகிறது. முதல் பாகம் அந்தக் கண்ணீரோடு முடிகிறது.

இரண்டாவது சாவு ஜாமிஸ். ஃப்ரெமென் கூட்டத்தில் ஒரு முன்கோபக்காரன். பாலைச் சண்டைக்கு இழுக்கிறான். ஒருத்தன் சாகும்வரை நடக்கிற சண்டை. அதுவரை பால் மனுஷனைக் கத்தியால் கொன்றதில்லை. ‘தோற்றதாக ஒப்புக்கொள்கிறாயா?’ என்று நடுவில் கேட்கிறான். அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. எதிரியை வைத்து விளையாடுகிறான் என்று சுற்றி நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கடைசியில் கொல்கிறான். ஜெஸிகா வந்து, கொலைகாரனானது எப்படி இருக்கிறது என்று சுரீரென்று கேட்கிறாள். இதில் அவனுக்கு ருசி வந்துவிடக் கூடாதே என்ற தாயின் பயம்.

பிறகு சடங்கு. ஜாமிஸின் சாமான்களைக் குவித்து, ஒவ்வொருவராக ‘நான் ஜாமிஸின் சிநேகிதன்’ என்று சொல்லி ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். பாலும் எழுகிறான். ஜாமிஸின் இசைக்கருவியை எடுத்துக்கொண்டு, கொன்றால் அதற்கு விலை உண்டு என்பதை ஜாமிஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தான் என்கிறான். குரல் உடைகிறது. கண்ணில் நீர்.

கூட்டம் ஸ்தம்பித்துவிடுகிறது. செத்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறான்! யாரோ விரல் நீட்டி அவன் ஈரக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஜாமிஸின் உடம்பிலிருந்து வடித்தெடுத்த 33 லிட்டர் சொச்சம் தண்ணீர், ஜெயித்தவன் என்ற முறையில் பாலுக்குச் சேருகிறது.

இந்த இடத்துக்காகத்தான் பேரீச்சை மரக் கணக்கு, துப்பிய எச்சில், பிழிந்த துண்டு எல்லாம். அவை இல்லையென்றால் இது ஒரு பையன் அழுத காட்சி. எந்த நாவலிலும் வரும். அவை இருப்பதால் ஒரு சொட்டுக் கண்ணீர் கஜானாவைத் திறந்து வாரிக் கொடுத்த மாதிரி ஆகிறது. அடுத்த முறை யாராவது ‘உலகத்தைப் படைப்பது’ பற்றிப் பேசினால் வரைபடத்தையும் அகராதியையும் ஒதுக்கிவிட்டு இதைக் கேளுங்கள். இந்த உலகத்தில் ஒரு மனுஷன் அழுதால் அதற்கு வேறு அர்த்தம் உண்டா? உண்டென்றால் உலகம் கட்டியாகிவிட்டது. இல்லையென்றால் அது செட்டிங்ஸ்.

ஆனால், ஹெர்பர்ட் இதோடு விடவில்லை. பால் அழுதது எதற்காக? கொன்றுவிட்டோமே என்று. பதினைந்து வயசுப் பையனின் சாதாரணக் குற்ற உணர்ச்சி. ஃப்ரெமென் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? ரட்சகனின் லட்சணமாக. இந்த நாவலில் எல்லாரும் எல்லாருடைய மனசையும் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். விருந்தில் ஒருவர் கண்ணிமை துடித்தால் மூன்று பேர் மனசுக்குள் குறித்துக்கொள்கிறார்கள். அவரவர் எண்ணமும் சாய்வெழுத்தில் வந்துவிடுகிறது. அப்பேர்ப்பட்ட புத்தகத்தில் ஒரு கூட்டமே ஒருத்தனின் மனசைத் தப்பாகப் படிக்கிறது என்றால் அது லேசுப்பட்டதில்லை.

அந்தத் தப்புக்கும் முன்னேற்பாடு உண்டு. ஜெஸிகா சார்ந்த பெனி ஜெசரிட் என்ற பெண்கள் அமைப்பு, என்றோ வந்து இந்த ஜனங்களிடையே ‘ஒரு தாயும் மகனும் வருவார்கள்’ என்று கதை கட்டிவிட்டுப் போயிருக்கிறது. பிற்காலத்தில் தங்கள் ஆள் யாராவது அங்கே மாட்டிக்கொண்டால் உயிர் பிழைக்க உதவட்டும் என்று. ஒருவகை இன்ஷ்யூரன்ஸ்! ஆக, தாகமும் வதந்தியும் ஏற்கனவே அங்கே தயார். பாலின் கண்ணீர் அதில் போய் விழுகிறது. ஒரு தலைவன் எப்படி உருவாகிறான் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சி எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

மூன்றாவது சாவு பாலின் மகன். நண்பர் புரட்டிப் பார்த்த இடம். மூன்றாம் பாகம் இரண்டு வருஷம் தள்ளி ஆரம்பிக்கிறது. பாலுக்கும் சானிக்கும் ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தாத்தாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கடைசி யுத்தம் தொடங்குகிற நேரத்தில், பேரரசரின் படை குழந்தையைக் கொன்றுவிட்டதாகச் செய்தி வருகிறது. பால் உள்ளே காலியாகிப் போகிறான். அழவில்லை. யுத்தத்தை நடத்தி முடிக்கிறான். பிறகு சானியிடம், நமக்கு வேறு பிள்ளைகள் பிறப்பார்கள் என்கிறான்.

அப்பாவுக்குத் தாமதமாக அழுதான். ஊர்பேர் தெரியாத ஜாமிஸுக்கு உடனே அழுதான். சொந்தப் பிள்ளைக்கு அழ முடியவில்லை. மூன்றையும் வரிசையாக வைத்தால், நண்பர் ‘மனுஷனைக் கட்டத் தெரியல’ என்றது தப்பு என்று தெரிகிறது. ஒரு மனுஷன் படிப்படியாகக் காலியாவதை ஹெர்பர்ட் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். எந்தக் கண்ணீரால் பால் கடவுளானானோ, கடவுளான பிறகு அந்தக் கண்ணீரே அவனிடம் இல்லை.

நண்பர் பாதி சரி என்று சொன்னேனே, அந்தப் பாதிக்கு வருகிறேன். தெரிந்தே செய்தது சரி, நன்றாகச் செய்தாரா? இல்லை. அந்தக் குழந்தையை நாம் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்ப்பதில்லை. அது சிரித்ததில்லை, தவழ்ந்ததில்லை, சானியின் மடியில் தூங்கினதில்லை. பிறந்த சேதியும் செத்த சேதியும்தான் வருகின்றன. நாலு பக்கம் வந்து செத்துப்போன ஜாமிஸுக்கு இருக்கிற உயிர்கூட அதற்கு இல்லை. பால் அழாதது நமக்கு உறைக்க வேண்டுமென்றால், நாமாவது அழுதிருக்க வேண்டும். பேரீச்சை மரத்துக்குக் கணக்குப் போட்டவர் பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். தண்ணீருக்குக் காட்டிய நிதானத்தைக் கடைசி நூறு பக்கத்துக்கு அவர் காட்டவில்லை. வில்லன் ஹார்கோனன் விஷயத்திலும் இதே குறைதான். குண்டு, பேராசை, ஆண்பிள்ளைகள் மேல் மோகம் என்று அடுக்கி, அந்த மோகத்தையே கெட்டதனத்தின் அடையாளமாக்கி வைத்திருப்பது இன்றைக்குப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. மனசு இல்லாத பாத்திரம் இந்த நாவலில் உண்டு என்றால் அது இவன்தான்.

அவசரத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வாசகர்களில் ஏராளமானவர்கள் பாலை அசல் ஹீரோவாகவே எடுத்துக்கொண்டார்கள். ‘அநியாயமாகத் துரத்தப்பட்ட இளவரசன் ஜெயித்தான், சுபம்’ என்று மூடி வைத்தார்கள். இத்தனைக்கும் முதல் நாவலிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கைன்ஸ் என்ற சூழலியலாளரை எதிரிகள் ஸ்டில்சூட் இல்லாமல் மணலில் விட்டுவிடுகிறார்கள். அவர் சாகும் தறுவாயில், செத்துப்போன அப்பாவின் குரல் காதில் கேட்கிறது. ஒரு ஜனத்துக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து ஒரு ஹீரோவின் கையில் சிக்குவதுதான் என்கிறது அந்தக் குரல். வாசகர்கள் அதை வேகமாகத் தாண்டிப் போய்விட்டார்கள்.

கவர்ச்சியான தலைவர்களிடம் ஜாக்கிரதை என்று சொல்லத்தான் எழுதினேன் என்று ஹெர்பர்ட் பிற்பாடு பல முறை விளக்க வேண்டியிருந்தது. 1969-ல் ‘டியூன் மெசையா’ வந்தது. அதில் பால் பேரரசன். தன் பேரால் நடந்த போர்களில் 6,100 கோடிப் பேர் செத்ததாக அவனே கணக்குச் சொல்கிறான். முதல் கதையைத் தொடராக வெளியிட்ட ‘அனலாக்’ ஆசிரியர் காம்ப்பெல் இதை வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு ஹீரோதான் வேண்டியிருந்தது. தொடர் ‘கேலக்ஸி’ பத்திரிகைக்குப் போனது.

டெனி வில்னவ்வும் இந்தச் சிக்கலைப் பார்த்திருக்க வேண்டும். 2024-ல் வந்த அவருடைய இரண்டாம் பாகத்தில் குழந்தையே கிடையாது. ரட்சகன் கதையை நம்பாத பெண்ணாக சானியை மாற்றி, கடைசியில் பாலை விட்டுப் போக வைத்துவிட்டார். ஒரு கண்ணீர்த் துளி அங்கேயும் உண்டு, அது சானியுடையது. மயங்கிக் கிடக்கும் பாலை அதை வைத்துத்தான் எழுப்புகிறார்கள். சந்தேகப்படுகிறவளின் கண்ணீரையும் ரட்சகன் கதை தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஹெர்பர்ட் இதைப் பார்க்கவில்லை. 1986-லேயே போய்விட்டார்.

நண்பரிடம் இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. “அகராதியை மறந்துடுங்க. தண்ணி எங்கெங்க வருதுன்னு மட்டும் பென்சில்ல குறிச்சுக்கிட்டே படிங்க” என்றேன்.

மூன்று வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். “ஜாமிஸ் காரியம் வரைக்கும் வந்துட்டேன் சார். அவன் அழுததும் அந்தக் கூட்டம் கன்னத்தைத் தொட்டுப் பாக்குதே... புல்லரிச்சுப் போச்சு. இவன்தான்டா தலைவன்னு தோணிடுச்சு.”

“அப்படித் தோணுச்சு இல்ல? அந்தப் பக்கத்துல தேதி போட்டு வெச்சுக்குங்க. ‘மெசையா’வையும் படிச்சுட்டுத் திரும்ப அதே பக்கத்துக்கு வாங்க” என்றேன்.